சிறுகதைப் பட்டறைக்கு வந்த மோட்டார்

அந்த யோசனை எனக்கு வந்தது போன வருடம், தொழிற்சாலை பஸ்ஸில். காலை ஷிப்ட் முடிந்து, மலாக்கா பக்கம் இருக்கும் எங்கள் ஊர் மெர்லிமாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவள் ஏறிய உடனே தூங்கிவிட்டாள். என் மடியில் ஒரு தமிழ் மாத இதழ். கதைகளையெல்லாம் முடித்துவிட்டு, கதைக்குக் கீழே பொடி எழுத்தில் எழுத்தாளர் அறிமுகம் போடுவார்களே, அதைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறார். இன்னொருவர் பரிசு வாங்கியிருக்கிறார். மற்றொருவருக்குப் பயணம் பிடிக்குமாம், மழை பிடிக்குமாம். எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. இவர்களெல்லாம் திங்கட்கிழமை காலையில் எழுந்து எங்கே போகிறார்கள்?

கேட்டால் சின்னக் கேள்விதான். எனக்கு அப்போது அதுதான் வாழ்வா சாவா.

நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே வரிசையாக வரும் பச்சை மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்து, நல்லது, கெட்டது என்று பிரிக்க வேண்டும். படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே எனக்குக் கதைப் பித்து பிடித்துவிட்டது. ஞாயிறு பதிப்புகளில் சில கதைகள் வந்தன. வந்த அன்று காலையிலேயே கடைக்கு ஓடிப்போய்ப் பேப்பர் வாங்கி வந்து, அந்தப் பக்கம் தெரியும்படி சாப்பாட்டு மேசையில் விரித்து வைப்பேன். அம்மா அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தோசையைக் கொண்டுவந்து வைப்பார். நல்லா இருந்துச்சும்மா என்பார். படித்திருக்க மாட்டார். தம்பி என் பெயரை மட்டும் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவான். அதற்கு இதயங்கள் வரும். கதைக்குள் என்ன நடக்கிறது என்று அதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

எழுதுவது தனிமையான வேலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தனிமை எனக்குப் பிடிக்கும். எழுதி முடித்த பிறகு வருகிற தனிமையைத்தான் தாங்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்றை அனுப்பிவிட்டு, அந்த ஒற்றை டிக் இரண்டாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போமே, அந்த மாதிரி. ஆண்டுக்கணக்கில் ஒற்றை டிக்.

வேலையை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்திருந்தேன். முழுநேரமும் எழுதலாம், எழுதுகிறவர்களோடு பழகலாம், கதையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கலாம். எங்கோ அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது, நான்தான் வெளியே நிற்கிறேன் என்று ஒரு நினைப்பு. ராஜினாமாவைக்கூட எழுதி மின்னஞ்சலில் வைத்திருந்தேன். அனுப்பு என்கிற பொத்தானை அமுக்குவதுதான் பாக்கி. வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் அந்தக் கேள்வி அப்படிப் பிடித்துக்கொண்டது. பஸ் மெர்லிமாவ் சந்திப்பைத் தொடுவதற்குள் என் மனத்தில் முழு நிகழ்ச்சியும் நடந்து முடிந்துவிட்டது. எழுதுகிறவர்களையும் இதழ் நடத்துகிறவர்களையும் ஓர் இடத்துக்கு அழைக்க வேண்டும். எப்படி எழுதுகிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் எப்படிப் பிழைக்கிறீர்கள் என்று கேட்கப்போகிறேன். மதியம் சிறுகதைப் பயிற்சி. மொத்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சிறுகதைப் பட்டறை. அது நன்றாக நடந்தால் மறுநாள் திங்கட்கிழமை ராஜினாமாவை அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்துக்கொண்டேன்.

மூன்று பேருக்கு எழுதினேன். மூன்று பேருமே வருவதாகப் பதில் போட்டார்கள். முதலாமவர், எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிறுகதை எழுத்தாளர். இரண்டாமவர், கோலாலம்பூரில் தொலைக்காட்சி நாடகங்களுக்கு வசனம் எழுதுகிற அக்கா. மூன்றாமவர், நான் பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்த அதே மாத இதழின் ஆசிரியர். மலாக்காவில் தெங்கேரா பக்கம் இருப்பவர். வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினேன். ஆள் சேர்ந்துகொண்டே இருந்தது. எதைப் போட்டாலும் கட்டைவிரல் வரிசையாக நின்றது.

இடம்தான் சிக்கல். பட்டணத்து மண்டபங்களின் வாடகை என் சம்பளத்துக்கு ஆகாது. ஜாசின் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. அப்பா அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதால், கேட்டதும் சும்மாவே கொடுத்தார்கள். ஒரே குறை, மண்டபம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். இரண்டு இடத்தில் திரும்ப வேண்டும். வெளியூர்க்காரர்கள் தடுமாறுவார்கள்.

சரி, வழிகாட்டி அட்டை வைத்துவிடலாம் என்று சனிக்கிழமை உட்கார்ந்தேன். தமிழில் எழுதினால் தோட்டத்துக் காவல்காரருக்குப் புரியாது, கழற்றிப் போட்டுவிடுவார் என்று மலாயில் எழுத நினைத்தேன். பட்டறைக்கு மலாயில் பெங்கெல். சிறுகதைக்குச் செர்பென். எட்ட இருந்து தெரிய வேண்டும் என்பதற்காகப் பெங்கெல் என்பதைப் பெரிதாக, கறுப்பில் எழுதினேன். அதற்கே அட்டை முழுக்கத் தீர்ந்துவிட்டது. செர்பென்னைக் கீழே ஓர் ஓரத்தில் நுணுக்கி எழுதி, தடித்த அம்புக்குறி ஒன்றைப் போட்டேன். மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிற கடைக்கும் மலாயில் பெங்கெல்தான் பெயர் என்பது எனக்குத் தெரியாதா என்ன? பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த சொல். ஆனால் என் தலை முழுக்கச் சிறுகதை. அந்த அட்டையைப் பார்க்கிறவர்கள் தலையிலும் சிறுகதைதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி என்னையும், பசியாற வாங்கிய மீ ஹூன் நூடுல்ஸ் பொட்டலங்களையும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இரண்டு மணிக்கு வருகிறேன் என்று பந்து விளையாடப் போய்விட்டான். போகிற வழியில் அட்டையைச் சாலையோரக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனான். நான் நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டேன். வெண்பலகையில் தலைப்பை எழுதினேன். அழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

முதல் அழைப்பு எழுத்தாளரிடமிருந்து. அவர் ஜொகூரில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராம். அதுவரை எனக்கு அது தெரியாது. அவருக்குப் பதிலாக வரவேண்டியவருக்குக் காய்ச்சல். இரவு பார்த்த ஷிப்டையே தொடர்ந்து பகலும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். மன்னிச்சிருங்க தங்கச்சி என்று பாதியிலேயே வைத்துவிட்டார்.

நாடகத்துக்கு வசனம் எழுதும் அக்கா அழைக்கவில்லை, குரல் பதிவு அனுப்பினார். கதாநாயகிக்கு வேறு படப்பிடிப்பு வந்துவிட்டதாம். அதனால் மாலைக்குள் அந்தப் பாத்திரத்தை மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டு, பத்து அத்தியாயங்களுக்குக் கோமாவில் படுக்க வைக்க வேண்டும். இப்போதே மடிக்கணினியோடு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

ஆசிரியரையாவது பிடிக்கலாம் என்று நானே அழைத்தேன். இதழ் நடத்தி யாரும் சாப்பிட முடியாது, அவருக்குச் சோறு போடுவது தெங்கேராவில் இருக்கும் சின்ன அச்சுக்கடை. கல்யாண அட்டை, கோயில் திருவிழாத் துண்டறிக்கை, பதாகை, எல்லாம் அவரே. அன்று விடியற்காலையில் பக்கத்துத் தெருவில் ஒரு மரணம். கண்ணீர் அஞ்சலிப் பதாகையை அடக்கத்துக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். ஆசிரியர் குரலில் சங்கடம் இருந்தது. ஆனாலும் என்ன செய்ய?

"உயிரோட இருக்கறவங்கள நாளைக்கு வாங்கன்னு சொல்லலாம்மா. செத்தவங்கள சொல்ல முடியாதுல்ல."

சரி, பேச்சாளர்கள் இல்லாவிட்டால் போகிறது, வருகிறவர்களோடு நாமே பேசிக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். குழுவில் கேட்டேன், எங்கே இருக்கிறீர்கள் என்று. ஒருவருக்கு ஜாசினில் கல்யாணம். ஒருவருக்குப் பிள்ளையின் டியூஷன். மற்றவர்கள் நிறைய பேர் போவார்கள், தான் ஒருவர் போகாவிட்டால் தெரியாது என்று எல்லோருமே நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. நிகழ்ச்சி வெற்றி பெற வாழ்த்துகள் என்று ஒருவர் போட்டார். அதன் கீழே மறுபடியும் வரிசையாகக் கட்டைவிரல்.

காலி மண்டபத்தில் தனியாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? மேலே காற்றாடி டக் டக் என்று சுற்றுகிறது. வெளியே செம்பனை மட்டைகள் உரசும் சத்தம். நாற்காலிகள் எல்லாம் உங்களையே பார்த்துக்கொண்டு இருக்கும். நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பிறகு, யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள் என்று எழுந்து பேச்சாளர் மேசைக்குப் போனேன். பொட்டலங்களின் சூடு ஆறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அதைவிட, எனக்கு நானே என்ன சொல்வது? ராஜினாமாவை அமுக்கலாமா வேண்டாமா என்பது போய், எழுதவே வேண்டுமா என்று கேள்வி மாறியிருந்தது. அதற்கு வேண்டாம் என்கிற பதில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தும் விட்டது.

அப்போதுதான் வாசலில் ஆள் தெரிந்தது.

நாற்பது வயசு இருக்கும் ஓர் அக்கா. நீலச் சட்டை, தோளில் பட்டி; பார்த்ததும் ஜாகா வேலை, அதாவது காவலாளி வேலை செய்கிறவர் என்று தெரிந்தது. முகமெல்லாம் வியர்வை. பின்னால் ஒரு மோட்டாரைத் தூணில் சாய்த்து வைத்திருந்தார். நான் வருகைப் பதிவுத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேலைக்குப் போகிற அவசரத்திலும் இலக்கியத்துக்காக ஒருவர் வந்திருக்கிறாரே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பெங்கெல் இங்கதானே தங்கச்சி?"

"ஆமாங்கக்கா, இங்கதான். வாங்க வாங்க. நீங்கதான் மொத ஆளு."

"மொத ஆளா? அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும்லா. எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு மணி வரைக்கும்க்கா. நடுவுல சாப்பாடும் இருக்கு."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"ஒரு பஞ்சருக்கா?"

நான் தாளை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அவருடைய மோட்டாரைப் பார்த்தேன். பின் டயர் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. அட்டை, அம்புக்குறி, கறுப்பில் பெரிதாக எழுதிய சொல், எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்தது. சாலையிலிருந்து இந்த வெயிலில், அந்த மேட்டில், என் அம்புக்குறியை நம்பி அவர் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். நான் திக்கித் திணறி, இது டயர் ஒட்டுகிற பெங்கெல் இல்லை, கதை எழுதுகிற பெங்கெல் என்று சொன்னேன்.

"கதையில என்னாத்த ரிப்பேர் பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை, பயந்துபோனார். வீடு செர்காமில். வேலை ஜாசினில் ஒரு கிடங்கில். பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் மாற வேண்டும். இவர் போய் நின்றால்தான் காலையிலிருந்து நிற்கிற பெண் கிளம்ப முடியும். அந்தப் பெண் கல்யாணத்துக்குப் போகப் பையில் புடவையோடு வந்திருக்கிறாளாம். போன மாதம் ஒரு தடவை தாமதமாகி, மேற்பார்வையாளர் எச்சரித்திருக்கிறார். இன்னொரு தடவை என்றால் தூரத்துக்கு மாற்றிவிடுவாராம். பஸ் இல்லாத இடம். வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை.

நான் தம்பிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. விளையாடும்போது போனைக் காரிலேயே வைத்துவிடுவான். மெர்லிமாவில் எனக்குத் தெரிந்த மோட்டார்க் கடைகளையெல்லாம் தேடித் தேடி அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் திறந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு மலாய்க்காரர் எடுத்தார். வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றார். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த அக்கா ஷிப்டில் நிற்கிற பெண்ணுக்கு அழைத்துச் சொன்னார். அவள் திட்டியது மண்டபத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. திட்டி முடித்து, சரி, சீக்கிரம் வந்து தொலை என்றாள்.

அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. நானும் அவரும் இத்தனை நாற்காலிகளும். மீ ஹூன் கொடுத்தேன். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவதைப் பிரித்தார். இங்கே என்ன நடக்க இருந்தது என்று கேட்டார். சொன்னேன். மருத்துவமனையில் மாட்டிக்கொண்டவர், கதாநாயகியை உருட்டிவிடப் போனவர், பதாகை அடிக்கப் போனவர் எல்லோரையும் சொன்னேன். என்னையும் அறியாமல் ராஜினாமா விஷயத்தையும் சொல்லிவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லாததை, அரை மணி நேரம் முன்னால் பார்த்த ஒருவரிடம்.

அவர் புரையேறும்வரை சிரித்தார். "அப்ப கதை எழுதுற எல்லாருக்கும் வேலை இருக்கு. ஒனக்கு மட்டும் வேலை இருந்தா கதை வராது?"

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். அடுத்த நிமிடமே அதை மறந்துவிட்டு, சும்மா உட்கார்ந்து என்ன செய்வது, உன் கதையைத்தான் படித்துக் காட்டேன் என்றார்.

பயிற்சிக்காக எடுத்து வந்திருந்த கதை அது. என் கதைகளிலேயே நான் பெருமையாக நினைத்தது. தோட்டத்துச் சந்திப்பில் ஒரு பெண் பையோடு நிற்கிறாள். வெளியூருக்குப் படிக்கப் போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள். அவள் நினைவுகளாகவே கதை போகும். கடைசியில் பஸ் வந்து நிற்கும். கதவு திறக்கும். அதோடு கதை முடியும்.

படிக்கப் படிக்க அவர் நடுவில் புகுந்துகொண்டே இருந்தார். பை என்ன நிறம் என்றார். அது மலாக்கா பஸ்ஸா மூவார் பஸ்ஸா என்றார். அந்த அப்பாவுக்கு இரண்டு வசவு வைத்தார். ஓர் இடத்தில் நான் வானத்தைப் பற்றி உருகி எழுதியிருந்தேன். அங்கே பொட்டலத்தில் இருந்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. நான் தாளை மடித்தேன்.

"ம். பொறவு?"

"அவ்ளோதாங்க்கா."

"என்னா அவ்ளோதான்? ஏறுனாளா இல்லையா?"

"அத வாசகர்கள் யோசிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்க்கா."

"இங்க நான்தானே வாசகரு? எனக்குத் தெரியலையே."

சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது. திறந்த முடிவு என்றால் என்ன, அதை ஏன் அப்படி எழுதுகிறோம் என்று ஒரு மணி நேரம் பேசுவதற்குக் குறிப்பே வைத்திருந்தேன். அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்தக் குறிப்பை நான் எடுக்கவில்லை. பேப்பரில் வந்து ஒரு வருடத்துக்கும் மேலான கதை. நான் உண்டாக்கிய ஒரு பெண் அந்தச் சந்திப்பில் ஒரு வருடமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பற்றி இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருவர் கவலைப்படுகிறார். தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் எழுந்து போனேன்.

பன்னிரண்டு மணி தாண்டி அந்த மலாய்க்காரர் தன் மோட்டாரில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். சாலையில் இருந்த அட்டையைப் பார்த்திருக்கிறார். எனக்குப் போட்டியாகக் கடை திறந்துவிட்டீர்களோ என்று பார்க்கத்தான் அவசரமாக வந்தேன் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். மண்டப வாசலிலேயே உட்கார்ந்து டயரைக் கழற்ற ஆரம்பித்தார். நான் அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு, உள்ளே போய் வெண்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே அந்த அக்கா பேசுவது காதில் விழுந்தது. சரளமான மலாய். முதலில் ஏதோ ஊர்க்கதை என்று நினைத்தேன். ஒரு பெண், பையோடு, தோட்டத்துச் சந்திப்பில். என் கை நின்றுவிட்டது.

அது என் கதை. ஆனால் என் கதையும் இல்லை. பைக்குச் சிவப்பு நிறம் வந்திருந்தது. பஸ் மூவார் பஸ்ஸாகிவிட்டது. வானம் இல்லை. அப்பா நான் எழுதியதைவிட நிறைய பேசினார். அந்த அக்கா தனக்குத் தெரிந்த வீட்டில் நடந்தது போலவே சொல்லிக்கொண்டு போனார். பஸ் வந்தது, கதவு திறந்தது. அங்கே அவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

டியூபில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "லெபாஸ் து?" என்றார்.

பிறகு? அதே கேள்வி, மலாயில்.

நான் பலகை துடைப்பானைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

அவள் ஏறிவிட்டாளாம். ஆனால் அடுத்த நிறுத்தத்தில் ஐ.சி.யை வீட்டிலேயே மறந்துவிட்டது ஞாபகம் வந்து இறங்கிவிட்டாளாம். அடையாள அட்டை இல்லாமல் எந்தக் கல்லூரியில் சேர்ப்பார்கள்? வெயிலில் நடந்தே திரும்பி வந்தாளாம். சந்திப்பில் அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தாராம். கையில் அவளுடைய ஐ.சி.

மலாய்க்காரர் ஒட்டுப் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் மறுபடியும் ஒரு தடவை அழுத்தினார். பிறகு காற்றடிக்கத் தொடங்கினார்.

அந்த முடிவு என் முடிவைவிட நல்லதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கொஞ்சம் நாடகத்தனம்தான். அந்த இடத்திலேயே கற்பனை செய்து சொன்னாரா, அவர் வாழ்க்கையில் நடந்ததா, அதுவும் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் கதை என்னிடமிருந்து இறங்கி, வேறு மொழியில் ஏறி, எனக்குத் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாகவும் அவ்வளவு தனியாகவும் நான் ஒரே நேரத்தில் இருந்ததில்லை.

கிளம்பும்போது அந்த அக்கா, கல்யாணத்துக்குப் போகக் காத்திருப்பவளின் கோபத்தை ஆற்றுவதற்கென்று மீ ஹூன் பொட்டலங்களை எடுத்துக்கொண்டார். அடுத்த தடவை முடிவோடு எழுது என்று சொல்லி, என் நம்பரை வாங்கிக்கொண்டு, மோட்டாரை உதைத்துக் கிளப்பிப் போனார். மேற்பார்வையாளர் அன்று அந்தப் பக்கமே வரவில்லை, தப்பித்தேன் என்று மாலையில் செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தம்பி வந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் எப்படி என்றான். நல்லா நடந்துச்சுடா என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். வேலையை விட்டால் தனிமை போய்விடும் என்று நான் எப்படி நினைத்தேனோ. பச்சைப் பலகைகளுக்குக் கொடுக்கிற நேரத்தையும் சேர்த்து இன்னும் அதிகமாகத் தனியாக இருந்திருப்பேன், அவ்வளவுதான். எனக்கு இல்லாமல் இருந்தது நேரம் அல்ல. 'பிறகு?' என்று கேட்க ஓர் ஆள்தான். நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டமும் எங்கேயும் இல்லை. அவரவர் ஷிப்டுக்கு நடுவில் அவரவர் தனியாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ராஜினாமாவை அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. இருக்கட்டும்.

அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போகலாமே என்று, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போய்ப் பார்த்தேன். மருத்துவ உதவியாளர், கையுறைப் பெட்டியின் அட்டையில் எழுதிய ஒரு வரியைக் காட்டினார். அடுத்த வரிக்கு அடுத்த ஷிப்டாம். நாடக அக்கா கதாநாயகியை இன்னும் கோமாவிலேயே வைத்திருந்தார். அந்த நடிகையோடு சம்பளப் பேச்சு முடியவில்லையாம். தனக்காக எழுதி நாலு வருடம் ஆகிறது என்று சொல்லும்போது மட்டும் சிரிப்பு நின்றது. தெங்கேரா அச்சுக்கடையில், ஒரு பக்கம் கல்யாண அட்டை உலர்ந்துகொண்டிருக்க, ஆசிரியர் யாரோ ஒருவருடைய கதையில் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தார். நான் என் பட்டறைக்கு வந்த மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, அந்த அக்கா கதை நடுவில் என்னென்ன கேட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பையின் நிறத்தைக்கூட.

இப்போது அடுத்த முயற்சி. மெர்லிமாவில் அந்த மலாய்க்காரருடைய கடைக்குப் போய்ப் பேசிவிட்டேன். சனிக்கிழமை மதியங்களில் அங்கே எப்போதும் நாலைந்து பேர் பிளாஸ்டிக் முக்காலிகளில், வண்டி எப்போது தயாராகும் என்று எங்கேயோ பார்த்தபடி இருப்பார்கள். அவர்களுக்குக் கதை படித்துக் காட்டப் போகிறேன். தமிழில் கொஞ்சம், மலாயில் கொஞ்சம். கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: எண்ணெய் மாற்றி முடிப்பதற்குள் கதை முடிய வேண்டும். ஆசிரியர், இழவு எதுவும் வராவிட்டால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஏறினாளா இல்லையா என்று முதலில் சொன்னால் வருகிறேன் என்கிறார் ஜாகா அக்கா.

இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் அவளை அந்தச் சந்திப்பில் இனி தனியாக விடப்போவதில்லை. பழைய அட்டையை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, இந்தத் தடவை அம்புக்குறி நிஜமான பெங்கெலைத்தான் காட்டும், அங்கே யாராவது ஒருவர் தலையைத் தூக்கி, 'பிறகு?' என்று கேட்டால் அந்த வாரம் முழுக்க எழுதுவதற்கு எனக்கு அது போதும்.